பத்தொன்பது இஞ்சி ரயர்

கொழும்பிலிருந்து வந்த மனிதர் என் மோட்டார் சைக்கிளை மூன்று முறை சுற்றி வந்தார். பெருவிரலால் ரயரை அமத்தினார். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். முழந்தாளிட்டு எஞ்சினுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். பிறகு எழும்பிக் காற்சட்டையைத் தட்டிவிட்டு, என்னைப் பாராமல் அத்தானைப் பார்த்து, "சரி, எடுத்துக்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி என்னுடையது. அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்த கையோடு நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

அத்தான் என்பது என் கணவரின் அண்ணர். கணவர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. நாங்கள் மல்லாவியில் இடம்பெயர்ந்து கிடந்தபோது மூன்றாவது தடவையாக வந்த மலேரியா அவரைக் கொண்டுபோனது. இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் வந்து தெற்குக்குப் பாதை திறந்த பிறகு நானும் அத்தான் குடும்பமும் முரசுமோட்டைக்குத் திரும்பி, பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் கொட்டில் போட்டு இருந்தோம். அத்தான் வயல் செய்தார். நான் தையல். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளும் சாறி பிளவுஸ்களும்தான் என் சோறு.

அந்த நாட்களில் தெற்கிலிருந்து பழைய வாகனம் தேடி ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலம் முழுக்கப் புதிதாக ஒன்றும் உள்ளே வரவில்லை. அதனால் உலகம் எறிந்துவிட்ட பழசையெல்லாம் நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம். அது அவர்களுக்குப் புதையல். குளத்து வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை என் தகப்பனார் வாங்கி, இருபது வருடம் ஓடி, என் கலியாணத்தில் சீதனமாகத் தந்தார். இரண்டு ஏக்கர் வயல், ஒரு தாலிக்கொடி, ஒரு தையல் மெசின், ஒரு மோட்டார் சைக்கிள். எங்கள் பக்கத்தில் சீதனம் பெண்ணின் பெயரில் இருக்கும். எழுதும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். பெண் தனியாகிவிட்டால் மட்டும் அந்தத் தலைகள் வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

"என்ர தம்பி ஓடின வண்டி" என்றார் அத்தான். "அவனும் இல்லை. ஓடாத வண்டியை வைச்சுக்கொண்டு நீ என்ன செய்யப் போறாய்? கொட்டிலுக்குள்ள இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது. வித்தால் உனக்கு ஒரு நல்ல லேடீஸ் சைக்கிள் வாங்கலாம்."

"அது ஓடும்" என்றேன். "ரயர் மட்டும்தான் சரியில்லை."

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கணவர் போன பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸ்ராண்டில் நிற்க வைத்து உதைத்து எஞ்சினை இயக்கி வந்தவள் நான். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் இயக்கினேன். அது கக்கிய புகையில் என் கொட்டிலில் நுளம்பே இருக்கவில்லை. ஓடவும் எனக்குத் தெரியும். அவர் காய்ச்சலில் நடுங்கியபோது பின்னால் இருத்தி என் இடுப்போடு சேர்த்துச் சீலையால் கட்டிக்கொண்டு, மல்லாவி ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது வண்டிக்கு விலை வந்ததும் எல்லாருக்கும் வாய் வந்தது.

கொழும்பு மனிதர் ஒரு அனுதாபச் சிரிப்புச் சிரித்தார். "அக்கா, இந்தப் பைக்குக்கு இப்ப டயரே வாறதில்ல. உலகத்திலயே இல்ல. நாங்க எடுக்கிறது சும்மா அழகுக்கு, ஹோல்ல நிப்பாட்டி வைக்க."

"என்ன அளவு ரயர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்ல ஏலாது அக்கா. ரொம்பப் பழசு."

அவர் யாழ்ப்பாணம் போய் மற்ற வாகனங்களையும் பார்த்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை லொறியோடு திரும்புவதாகச் சொன்னார். அத்தான் என்னைப் பார்த்தார். அவர் மனம் முழுக்கக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஊர் கதைக்குமே என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. "சரி, வெள்ளிக்கிழமைக்கிடையில ஓடிக் காட்டு. ஓடினால் உன்ர. ஓடாட்டில் லொறியில ஏத்துறதுதான்" என்றார். எனக்கு ஒன்பது நாள் இருந்தது.

ரயரின் அளவை ரயரிலேயே பார்க்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதைப் பார்க்க முடியாமல் செய்தவளே நான்தான். தடைக் காலத்தில் இரண்டு ரயரும் வெடித்துப் பிளந்தபோது, அவற்றுக்குள் வேறு ரயரை வெட்டி வைத்து, வெளியால் உழவு மெசின் ரயரின் துண்டுகளை ஒட்டினோம். ஒட்டு நிற்பதற்காக இரண்டு பக்கமும் கணவர் கத்தியால் சுரண்டினார். நான் சாக்கூசியில் தங்கூசி நூலைக் கோத்துத் தைத்தேன். வலைகாரர் மீனுக்குப் போடுகிற அந்த நூல் அறாது. நல்ல இறுக்கமான தையல், இப்போது நினைத்தாலும் பெருமைதான். அந்தத் தையலுக்குக் கீழே ரயரின் எழுத்தும் இலக்கமும் சுரண்டுப்பட்டுப் போயிருந்தன. வண்டியின் புத்தகத்தை மல்லாவியில் கறையான் தின்றுவிட்டது. வண்டிக்கு என்ன அளவு என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை, ஒரு கடதாசியும் இல்லை.

முதலில் சந்தியில் சைக்கிள் திருத்துகிறவரைக் கூட்டி வந்தேன். அவர் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு, ரயரையும் சேர்த்து அளந்தார். "இருவத்தஞ்சரை அக்கா" என்றார். சைக்கிளில் அப்படித்தான் சொல்வார்கள். இருபத்தெட்டு இஞ்சிச் சைக்கிள் என்றால் ரயரோடு சேர்த்த உயரம் அது. வன்னியில் பத்து வருடமாகச் சைக்கிளைத் தவிர வேறு சில்லைக் கழற்றியறியாத கை, வேறு எப்படி அளக்கும்? ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு றிம்மைத்தான் அளக்க வேண்டும் என்று கணவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது.

"நீங்கள் விடுங்கோ, நானே அளக்கிறன்" என்றேன். அளவெடுப்பது என் தொழில். முரசுமோட்டையில் என் நாடா சுற்றாத இடுப்பு இல்லை. றிம்மின் ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு நாடாவைப் பிடித்தேன். இருபது இஞ்சியும் ஒரு நூலும். கொப்பியில் "20" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். அந்தக் கோடுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

அடுத்த நாள் வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். அப்போது வவுனியா போவதென்றால் ஒரு நாள் வேலை. இந்தப் பக்கம் இயக்கத்தின் சாவடியில் இறங்கி நடந்து, இடையில் ஒருவருக்கும் சொந்தமில்லாத வெறும் றோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இராணுவத்தின் சாவடியில் வரிசையில் நின்று, திரும்பவும் பஸ் ஏற வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வரிசையாக இருந்த ரயர்க் கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர், "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். "ரயரைப் பூட்டப் போறது சில்லில. ஆம்பிளையில இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மூன்றாவது கடை ஒரு முஸ்லிம் மனிதருடையது; அவர்களை நாங்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். நரைத்த தாடி, கையில் ஓலை விசிறி. அவர் சிரிக்கவில்லை. "இருங்கோ தங்கச்சி" என்று கதிரையை இழுத்துப் போட்டு, கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"இருவது எண்டு ஒரு மோட்டார் சைக்கிள் ரயர் நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளில இருந்து வித்ததில்லை. பதினேழு இருக்கு, பதினெட்டு இருக்கு, பத்தொன்பதும் இருக்கு. இருவது இல்லை."

"ஆனா நானா, என்ர அளவு இருவது."

"அப்ப அளவு பிழை. இல்லாட்டி வண்டி பிழை."

"வண்டி பிழை எண்டால் சொல்லுங்கோ, கேக்கிறன். அளவு பிழை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அளவெடுத்துத்தான் நான் சாப்பிடுறனான்" என்று கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டார். முரசுமோட்டை என்றேன். தான் முல்லைத்தீவில் கடை வைத்திருந்ததாகவும், தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஒரு கைப்பையோடு வெளிக்கிட்டுப் புத்தளம் போனதாகவும் சொன்னார். போன மாதம் போய்த் தன் காணியைப் பார்த்தாராம். கிணறு மட்டும் இருந்ததாம். "ஆனாலும் அது என்ர கிணறுதானே" என்றார். அவர்களை அனுப்பியபோது நாங்கள் எல்லாரும் வாய் மூடிக்கொண்டு இருந்தோம். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு நான் பஸ்ஸால் இறங்கியதை ஊரே பார்த்தது. "என்ன, கிடைக்கேல்லையோ?" என்று அத்தான் வேலிக்கு மேலால் கேட்டார். குரலில் கவலை இருந்தது, அதற்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் கொதிக்க வைத்தது.

இரண்டு நாள் மெசினில் இருந்து வெள்ளைச் சட்டைகளைத் தைத்துத் தள்ளினேன். மனம் முழுக்க அந்த மனிதர் சொன்ன சொல். அளவு பிழை. மூன்றாம் நாள் காலை ஒரு பெண் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்தாள். தடித்த சட்டைக்கு மேலே சோல் போர்த்திக்கொண்டு நின்றாள். "உடுப்புக்கு மேலால அளந்தால் உடுப்பின்ர அளவுதான் வரும். சோலைக் கழட்டும்" என்று வழக்கம் போல அதட்டினேன். அதட்டிய வாய் மூடவில்லை. அப்படியே நின்றேன். பூட்டிய ரயரோடு வெளியில் தெரிந்த ஓரத்தை அளந்தவள் யார்? நான்தானே. உடுப்பைக் கழற்றாமல் அளவெடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணைப் பின்னேரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, பின்சில்லைக் கழற்றினேன்.

தங்கூசித் தையலை ஒவ்வொன்றாக வெட்டிப் பழைய ரயரை உரித்தெடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. என் தையலை நானே வெட்டுவது லேசாக இருக்கவில்லை. உள்ளே றிம் கறள் பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெயும் மணலும் போட்டுத் தேய்த்தேன். அப்போதுதான் அதன் உருவம் எனக்கு விளங்கியது. றிம்முக்கு இரண்டு பக்கமும் உயர்ந்த ஓரம் இருக்கிறது. அது ரயர் வெளியே வழுக்காமல் பிடிக்கிற வேலி. ரயர் இருக்கிற இடம் அந்த வேலிக்கு உள்ளே, அரை இஞ்சி பதிவாக, ஒரு சின்னப் படி. பாவாடை நாடா இடுப்பில் இருக்கும். நான் அதற்குக் கீழே அகன்ற இடத்தை அளந்துவிட்டு, இடுப்பு இவ்வளவு என்று எழுதியிருக்கிறேன். புதிதாகத் தையல் பழகுகிற பெண் இதைச் செய்திருந்தால் நாடாவாலேயே அடித்திருப்பேன்.

குறுக்காக அளப்பதையும் விட்டேன். இடுப்பைக் குறுக்காக அளக்கிற தையல்காரி உண்டா? நாடாவை அந்தப் படியில் வைத்து, பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். தையல் நாடாவின் நீளம் அறுபது இஞ்சி. அதன் இரண்டு நுனியும் முட்டிக்கொண்டு நின்றன. ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் பிரித்தேன். பத்தொன்பதும் ஒரு சொட்டும். முன்சில்லையும் கழற்றி அளந்தேன். அதுவும் அதே கணக்கு. குசினிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, தனியாக இருந்து கொஞ்சம் அழுதேன். சந்தோசத்தில் அழுதேன் என்று சொல்லலாம். உண்மையில் அது கோபம் கழன்ற அழுகை. உலகத்தில் இல்லாத ரயர் வவுனியாவில் ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த நாள் திரும்பவும் பஸ். கடைக்கார நானா என்னைக் கண்டதும் விசிறியை வைத்துவிட்டு எழும்பினார்.

"அளவு பிழை நானா" என்றேன். அந்த மூன்று சொல்லையும் சொல்ல எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அவருக்குத் தெரியாது. "பத்தொன்பது."

"அப்படிச் சொல்லுங்கோ." அவர் கொக்கத்தடியால் மேலேயிருந்து மூன்று ரயர்களை இறக்கினார். "இந்தியாவில பொலிஸ்காரர் ஓடுற பெரிய மோட்டார் சைக்கிளுக்கு வாற சாமான். அங்க இந்த அளவு இன்னும் ஓடுது. இதில முன்னுக்கு இருக்கிற இலக்கம் அகலம், பின்னுக்கு இருக்கிறது றிம். மூண்டு, மூண்டேகால், மூண்டரை. எது வேணும்?"

பின்னுக்கு மூன்றரையே போடச் சொன்னார். பாரம் ஏற்றலாம், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்றார். நான் கொப்பியை விரித்தேன். இந்த முறை நான் மூளையோடு வந்திருந்தேன். செயினுக்கும் சில்லின் நடுவுக்கும் இடையிலிருந்த வெளி, மட்காட்டின் உள் அகலம், முன் கவையின் இரண்டு கால்களுக்கும் இடையிலான வெளி எல்லாம் எழுதியிருந்தது. றிம்மில் ரயர் இறுக்கமாகவே இருக்க வேண்டும், அங்கே தளர்ச்சிக்கு இடமே இல்லை. மட்காட்டுக்குள் மாத்திரம் தளர்வு வேண்டும். மழைக்கு வாய்க்கால் றோட்டின் களி ரயரில் அப்பினால், ஒரு விரல் போகிற இடமாவது இல்லாவிட்டால் சில்லு இறுகி நின்றுவிடும். மூன்றரை செயினோடு உரசும். மூன்று என்றால் துணி மூட்டை ஏற்றியதும் நசியும்.

"மூண்டேகால். ரெண்டு சில்லுக்கும் அதுவே."

"முன்னுக்கு மெலிசு போட்டால் திருப்ப லேசு" என்றார்.

"முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்டெண்டால் ஒண்டு தேய மற்றதை மாத்திப் போடுவன் நானா. பாதை திரும்பப் பூட்டினால் நான் எங்க வருவன்?"

அவர் தலையாட்டிவிட்டு இரண்டு ரயர், இரண்டு ரியூப் எடுத்துக் கட்டித் தந்தார். பாதை திரும்பப் பூட்டும் என்று நான் சும்மா சொன்னதல்ல. எங்கள் ஊரில் எல்லாரும் எதையும் அப்படித்தான் வாங்கினோம்.

இரண்டு ரயர்களையும் தோளுக்கொன்றாக மாலை போலப் போட்டுக்கொண்டு திரும்பினேன். அந்தப் பக்கச் சாவடியில் ஒரு சிப்பாய் தடியை உள்ளே விட்டுத் தட்டிப் பார்த்து, "இது யாரு பைக்?" என்று கேட்டான். "என்ர" என்றேன். வெறும் றோட்டைத் தாண்டி இந்தப் பக்கச் சாவடிக்கு வந்தால், அங்கே நின்ற இயக்கப் பிள்ளை, "அக்கா, இது ஆற்ர வண்டிக்கு?" என்றாள். "என்ர வண்டிக்கு." அவள் நம்பாமல், "வீட்டுக்காரர் என்ன செய்யிறார்?" என்றாள். "அவர் செத்திட்டார். வண்டி சாகேல்லை." அவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டு கையைக் காட்டி விட்டாள்.

பூட்டுவது இன்னொரு சண்டை. சைக்கிள் திருத்துகிறவர் தன் இரண்டு நெம்பிரும்புகளைத் தந்தார், ஆளும் வந்தார். சில்லுக் கம்பிகளின் தலை ரியூபைக் குத்தாமல் றிம்முக்குள் ஒரு ரப்பர்ப் பட்டி போட வேண்டும். அது எங்கள் கையில் இல்லை. பள்ளிக்கூடச் சட்டைக்கு வைத்திருந்த தடித்த வெள்ளைத் துணியை ஒன்றரை இஞ்சி அகலத்தில் நாலு மடிப்பாகத் தைத்து, அறுபது இஞ்சியில் மூட்டி, றிம்முக்கு ஒட்டியாணமாகப் போட்டேன். சவர்க்காரத் தண்ணீர் தடவி, ரயரின் ஒரு உதட்டை உள்ளே தள்ளி, முழந்தாளை ஊன்றி மற்ற உதட்டை நெம்பினோம். முதல் தடவை ரியூபைக் கடித்துவிட்டோம். கழற்றி, ஒட்டி, திரும்பவும் பூட்டினோம். காற்றடித்தபோது ரயர் "டக்" என்று சத்தம் போட்டுப் படியில் ஏறி உட்கார்ந்தது. சில்லைச் சுழற்றிவிட்டு மட்காட்டுக்குள் விரலை வைத்தேன். ஒரு விரல் தாராளமாகப் போய் வந்தது.

"அக்கா, உங்கட நாடாவை எனக்கு ஒண்டு தாங்கோ" என்றார் சைக்கிள்காரர். இன்னொரு நாடா என்னிடம் இருந்தது, கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி போல லொறி வந்தது. கொழும்பு மனிதர் இறங்கினார். லொறிக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்றிய இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள் கயிற்றால் கட்டுண்டு நின்றன. அத்தான் படலையைத் திறந்துவிட்டார். நான் சல்வார் போட்டு, பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் நின்றேன். இரண்டு உதைக்கு அது இருமியது. மூன்றாவதுக்குப் பிடித்தது. பெற்றோலில் அதன் குரலே வேறு.

படலையால் வெளியே வந்து, லொறியைச் சுற்றி, வாய்க்கால் றோட்டில் ஏறிப் பரந்தன் பக்கம் விட்டேன். வயல்காற்று முகத்தில் அடித்தது. புது ரயர் கிரவலைக் கவ்விப் பிடித்தது. தைத்த ரயர் ஒவ்வொரு சுற்றுக்கும் தூக்கிப் போட்டது போல இது போடவில்லை. வேலிகளுக்கு மேலால் தலைகள் முளைத்தன. பார்க்கட்டும் என்றிருந்தது. இன்னும் சத்தமாகப் போகலாமா என்றுகூட இருந்தது. சந்தி வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்து, அத்தானுக்கு முன்னால் நிற்பாட்டினேன்.

கொழும்பு மனிதர் குனிந்து ரயரைப் பார்த்தார். "அட, பத்தொன்பதே கிடைச்சிருச்சா!" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது விளங்கியிருக்க வேண்டும். முகம் கறுத்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றேன். "அண்டைக்கு நான் வாய் திறந்து கேட்டனான். அப்பவும் தெரியும்."

வியாபாரிதானே, உடனே அடுத்த கதைக்குப் போனார். ஓடுகிற வண்டி என்றால் விலை வேறு என்றும், சொன்னதைப் போல இரண்டு பங்கு தரலாம் என்றும் அத்தானிடம் சொன்னார். அத்தானின் கண் அகன்றதை நான் பார்த்தேன்.

"பிள்ளை" என்று தொடங்கினார். "இப்ப நல்ல விலை வருது. நீ ஓடிக் காட்டினது கெட்டித்தனம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஒருக்கா யோசிச்சுப் பார். நீ தனிய இருக்கிற பொம்பிளை. நாளைக்கு ஊர்…"

"ஓடினால் உன்ர எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். ஆனாலும்…"

"நீங்கள் சொன்னதால இது என்ர ஆகேல்லை அத்தான். ஓடாமல் நிண்ட நாளும் இது என்ரதான். ரயர் போட்டது நான் ஓடுறதுக்கு. உங்களுக்குக் காட்டிறதுக்கில்லை."

லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அத்தான் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவருடைய மகளின் சாமத்தியச் சடங்குக்குப் பன்னிரண்டு பிளவுஸ் தைக்க வேண்டி வந்ததால் கதைத்தார்.

அதற்குப் பிறகு நான் ஓடினேன். கிளிநொச்சியில் துணி எடுத்து, தருமபுரம் வரைக்கும் பள்ளிக்கூடங்களுக்குச் சட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். மழை தொடங்கும்போது முன்சில்லு ரயரைப் பின்னுக்கும் பின்சில்லு ரயரை முன்னுக்கும் மாற்றினேன். நான் சொன்னபடியே பாதையும் ஒரு நாள் பூட்டுப்பட்டது. ஊர் கொஞ்சக் காலம் கதைத்தது. பிறகு களைத்துப்போய், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக என் படலையில் வந்து நின்றது. யாரையும் நான் திருப்பி அனுப்பவில்லை. ஏற்றும்போது மட்டும், "இறுக்கிப் பிடியுங்கோ, ஓடுறது பொம்பிளை" என்று சொல்லுவேன்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறக்கும்போது, திரும்பத் தொடங்கிய யுத்தம் ஊருக்குக் கிட்ட வர, முரசுமோட்டையை விட்டு எல்லாரும் கிழக்கே நகர்ந்தோம். அத்தானுக்குக் காலில் செல் துண்டு பட்டிருந்தது. அவரை நடக்க வைக்க முடியாது. பின்னால் இருத்தி, முன்னொரு காலம் அவருடைய தம்பியைக் கட்டியது போலவே சீலையால் என்னோடு கட்டிக்கொண்டு ஓடினேன். விசுவமடுவில் பெற்றோல் தீர்ந்தது. மண்ணெண்ணெயும் இருக்கவில்லை. வண்டியை ஒரு தென்னையோடு சாத்தினேன். ரயர் இரண்டிலும் காற்று நல்லாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன், அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அங்கிருந்து அத்தானை நானும், பின்னால் நடந்து வந்து சேர்ந்த அவருடைய மனைவியும் கைத்தாங்கலாகக் கொண்டுபோனோம்.

அந்த வருட நடுவில் செட்டிகுளத்து முகாமில், தண்ணீர் கொண்டுவரும் பௌசர் லொறிக்கு முன்னால் வாளிகளின் வரிசையில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்களிடம் உடுத்திருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. அத்தான் தடியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கே அந்த வண்டியைக் குடுத்திருக்கலாம் பிள்ளை" என்றார். "எல்லாம் வீணாப் போச்சு. கையில ஏதாவது மிஞ்சியிருக்கும்."

"ஒண்டும் மிஞ்சியிராது. எல்லாரையும் போல அதையும் விட்டிட்டுத்தான் வந்திருப்பம்" என்றேன். "அண்டைக்குக் குடுத்திருந்தால் இவ்வளவு வருசமும் நான் நடந்திருப்பன் அத்தான். விசுவமடு வரைக்கும் நீங்களும் நடந்திருப்பீங்கள்."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, எனக்கு முன்னால் இருந்த தன் வாளியைத் தூக்கி என் வாளிக்குப் பின்னால் வைத்தார்.